துணிப்பை பலன் தர வேண்டுமானால்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கும் சில நடைமுறைகளும்

பிளாஸ்டிக் கவரை விட்டுத் துணிப்பைக்கு மாறுவதால் உண்மையிலேயே நன்மை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பவருக்கு, இருக்கிறது என்று சொல்லும் ஆய்வும் கிடைக்கும், துணிப்பைதான் சூழலுக்குக் கூடுதல் சுமை என்று சொல்லும் ஆய்வும் கிடைக்கும். இரண்டையும் படித்துக் குழம்பிப்போய், எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்துவிடுபவர்கள் உண்டு. அந்த முடிவு தவறானது. ஒரு துணிப்பை பலன் தருவதும் தராததும் அதை வைத்திருப்பவர் எத்தனை முறை பயன்படுத்துகிறார், ஒவ்வொரு முறையும் எத்தனை கவர்களைத் தவிர்க்கிறார் என்ற இரண்டையும் பொறுத்தது என்பதால், இந்தக் கணக்கை அவரவர் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்களைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறியப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பாதிப்பை ஏற்படுத்த, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் பைகள் எல்லாமே மறுபடியும் குப்பைத் தொட்டிக்குள் விரிக்கப்படுவதாக வைத்துக்கொண்டால் இந்த எண் 327 ஆகிவிடுகிறது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்காக 2018இல் செய்யப்பட்ட ஆய்வு, பருவநிலையை மட்டும் கருதினால் 52 முறை என்றும், ஓசோன் படலம், நீர் உட்பட அது எடுத்துக்கொண்ட எல்லா அளவுகோல்களையும் கருதினால் 7,100 முறை என்றும் கூறியது. வாரத்துக்கு ஒரு முறை சந்தைக்குப் போகிறவருக்கு 7,100 என்பது 136 ஆண்டுகள். துணிப்பையைக் கேலி செய்ய விரும்புகிறவர்கள் கையில் எடுப்பது இந்த எண்ணைத்தான்.

பருத்திக்கு இத்தனை சுமை ஏறுவதற்குக் காரணங்கள் உள்ளன. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. உரம், பூச்சிமருந்து, நூற்பு ஆலைக்கும் சாயப்பட்டறைக்குமான மின்சாரம் ஆகியவை அதற்கு மேல். பிளாஸ்டிக் கவரோ எடையே இல்லாத அளவுக்கு மெல்லியது. இங்கிலாந்து ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட பருத்திப் பையின் எடை சுமார் 180 கிராம். பிளாஸ்டிக் பையின் எடை சுமார் 8 கிராம்.

ஆனால் இந்த இரண்டு ஆய்வுகளும் தெருவில் வீசப்படும் பையைக் கணக்கில் சேர்க்கவில்லை. டென்மார்க்கில் பை கடைசியில் எரியுலைக்குப் போய் மின்சாரமும் வெப்பமுமாகிவிடும் என்பது அந்த ஆய்வின் அடிப்படை. நம் ஊரில் கவர் போகும் வழி வேறு. கடலூரில் தெருச் சாக்கடையில் விழுந்தது கெடிலத்துக்கோ உப்பனாற்றுக்கோ போய்ச் சேர்கிறது. புதுச்சேரியில் நகருக்குள் ஓடும் பெரிய வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட இந்தக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகள், தண்ணீரில் மிதக்கும் கவரைத் தங்கள் இரையான சொறிமீன் என்று எண்ணி விழுங்குகின்றன. தெருவில் மேயும் மாடுகள், உள்ளே இருக்கும் சோற்றுக்காகக் கவரோடு சேர்த்து விழுங்குகின்றன. வடிகால் அடைப்பையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையை எந்தச் சாக்கடையும் தாங்கியிருக்காது என்பதால் அதற்குக் கவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. ஆனால் ஐப்பசியில் பெய்யும் சாதாரண மழைக்கே தெருவில் தண்ணீர் தேங்கும்போது, வாய்க்கால் கம்பிகளில் சிக்கியிருப்பது பெரும்பாலும் கவர்தான். வங்கதேசம் 2002லேயே மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்ததற்கு, வெள்ளக் காலத்தில் அவை வடிகால்களை அடைத்ததே முக்கியக் காரணம்.

எனவே சாக்கடைக்கும் கடலுக்கும் மாட்டுக்கும், தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு கவரும் முதல் நாளிலிருந்தே லாபம். நீர், மின்சாரம், வெப்பமாதல் ஆகியவற்றில் மட்டும் துணிப்பை முதலில் கடனோடு தொடங்குகிறது. அந்தக் கடனை விரைவில் அடைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

வீட்டுத் தராசில் போடும் கணக்கு

சமையலறைத் தராசு இருந்தால் போதும். வழக்கமாகச் சந்தைக்கு எடுத்துச் செல்லும் துணிப்பையை எடை போட்டுக்கொள்ளவும். கவர் ஒன்றை மட்டும் வைத்தால் தராசு சரியாகக் காட்டாது; ஒரே அளவான பத்துக் கவர்களைச் சேர்த்து வைத்துப் பத்தால் வகுக்கவும். மேலே சொன்ன 180 கிராம், 8 கிராம், 131 முறை ஆகிய எண்களிலிருந்து பார்த்தால், வெப்பமாதலில் ஒரு கிராம் பருத்திப் பையின் சுமை ஒரு கிராம் பிளாஸ்டிக் பையின் சுமையைப்போலச் சுமார் ஆறு மடங்கு. ஆகவே துணிப்பையின் எடையை, ஒரு முறை சந்தைக்குப் போகும்போது தவிர்க்கும் கவர்களின் மொத்த எடையால் வகுத்து, ஆறால் பெருக்கினால், எத்தனை நடைகளுக்குப் பிறகு அந்தப் பை லாபத்துக்கு வரும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 60 கிராம் எடையுள்ள மஞ்சப்பையை எடுத்துச் சென்று, 4 கிராம் எடையுள்ள ஒரே ஒரு கவரை மட்டும் தவிர்க்கிறவர் 90 நடை நடக்க வேண்டும். வாரம் ஒரு நடை என்றால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டு. அதே பையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, வெங்காயம் ஆகிய நான்கையும் கவர் இல்லாமல் வாங்குகிறவர் ஒவ்வொரு நடையிலும் 16 கிராம் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கிறார். அவருக்கு 23 நடை போதும், அதாவது ஆறு மாதத்துக்குள் கணக்கு நேராகிவிடும். துணிப்பைக்குள் நான்கு கவர்களை வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு இந்தக் கணக்கு முடிவதே இல்லை. கடலூர் உழவர் சந்தையிலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் துணிப்பையோடு வருகிறவர்களில் பலர் இந்த மூன்றாம் வகை என்பதை அவர்கள் பையை எட்டிப் பார்த்தாலே தெரியும்.

வீட்டில் இருக்கும் பைகளை முதலில் எண்ணவும்

புதிய பை வாங்குவதற்கு முன் அலமாரியின் அடித்தட்டையும் கதவுக்குப் பின்னால் தொங்குவதையும் எடுத்து வெளியே போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பை, ஜவுளிக்கடைப் பை, நகைக்கடைப் பை, மாநாட்டுப் பை என்று முப்பதைத் தாண்டுவது நம் வீடுகளில் சாதாரணம். முப்பது பருத்திப் பைகளை ஒவ்வொன்றும் 131 முறை பயன்படுத்தித் தீர்க்க வேண்டுமானால், வாரம் இரு முறை கடைக்குப் போகிற குடும்பத்துக்கு ஏறத்தாழ 38 ஆண்டுகள் ஆகும். இங்கிலாந்தில் 2015இல் மெல்லிய பைக்குக் கட்டணம் விதித்தபோது பெரிய கடைகளில் அதன் பயன்பாடு மிகப் பெரிய அளவில் சரிந்தது. ஆனால் அதற்குப் பதிலாக, ஆயுள் முழுதும் உழைக்கும் என்று விற்கப்பட்ட கெட்டியான பைகளை 2018இல் மட்டும் 150 கோடி அளவுக்கு மக்கள் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஐம்பதுக்கு மேல் என்னும்போது, அவை ஆயுள் முழுதும் உழைத்திருக்க வாய்ப்பில்லை.

தமிழக அரசு 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும், பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களை வைத்ததும் நல்ல வேலைகள்தான். கையில் எதுவும் இல்லாமல் சந்தைக்கு வந்துவிட்டவருக்கு அவை உதவும். ஒவ்வொரு வாரமும் மறந்துவிட்டு ஒவ்வொரு வாரமும் பத்து ரூபாய் போடுகிறவர், சூழல் கணக்கில் கவர் வாங்குகிறவரைவிடப் பின்தங்கிவிடுவார்.

எண்ணி முடித்த பைகளிலிருந்து பெரியதாகவும் கைப்பிடி கெட்டியாகவும் உள்ள இரண்டை மட்டும் வெளிப்பைகளாக எடுத்துக்கொள்ளவும். தாம்பூலப் பைகள் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைக்கும் அளவுக்கே தைக்கப்படுவதால் ஒரு முழுக் கோஸுகூட அவற்றில் நிற்காது. அதனாலேயே அவை வீட்டில் சும்மா கிடக்கின்றன. உள்பைக்கு அந்த அளவுதான் சரி. கால் கிலோ பச்சை மிளகாய், அரை கிலோ பீன்ஸ், இஞ்சி, பூண்டு ஆகியவற்றுக்கு ஆறு சிறிய தாம்பூலப் பைகளை மடித்துப் பெரிய பைக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிட்டால், கவருக்கு வேலையே இருக்காது. அவை ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டவை என்பதால் அவற்றுக்காகப் புதிய சுமை எதுவும் ஏறப்போவதில்லை. மீதமுள்ளவற்றைக் கடைத்தெருவில் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பூக்காரரும் காய்கறி வண்டிக்காரரும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், தாம்பூலப் பை கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், ஐந்து கிலோ தாங்கும் அளவில், கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பது நல்லது.

அரிசி மூட்டைப் பையையும் மறந்துவிட வேண்டாம். சரக்கு சேவை வரி 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 2022 ஜூலையில் வந்த பிறகு 26 கிலோவாகிவிட்ட அந்த மூட்டை, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் நெய்தது. டென்மார்க் ஆய்வின்படி இந்த வகைப் பை பருவநிலைக் கணக்கில் ஐந்து முறையிலும் எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 45 முறையிலும் லாபத்துக்கு வந்துவிடுகிறது. மூட்டை எப்படியும் வீட்டுக்கு வரத்தான் போகிறது என்பதால் அந்த ஐந்து முறைகூட நமக்குத் தேவையில்லை. தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தால் பாதியாக வெட்டி, பழைய வேட்டிக் கரையைக் கைப்பிடியாக வைத்துத் தைத்துத் தருவார். உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற கனமான சரக்குக்கு மஞ்சப்பையைவிட அது மேல். வெயிலில் மட்டும் தொடர்ந்து தொங்கவிடக் கூடாது. சில மாதங்களில் நார் நாராக உதிர்ந்து, அந்தத் துகளும் சாக்கடைக்கே போகும். பத்தாண்டு உழைக்கும் ஒயர் கூடையைப் பற்றியும் இதையே சொல்லலாம். பிளாஸ்டிக் என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் சணல் பை வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை.

துணிபோலத் தோன்றும் பைகள்

துணிப்பை என்று கடைகளில் கொடுக்கப்படுவதில் ஒரு பகுதி துணியே இல்லை. நூல் நெய்யாமல், பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டி எடுக்கப்பட்ட தாள் அது. ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நெய்த துணியில் நூல் நீளமாக வரும், இதில் வராது, மேற்பரப்பில் சிறு சிறு புள்ளிகளாக அழுத்திய தடமும் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடை, எல்லாத் தடிமனிலுமான பிளாஸ்டிக் கைப்பைகளோடு இந்த நெய்யாத பைகளையும் உள்ளடக்கியது. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் பொருந்தும் மத்திய விதி, 2021 செப்டம்பர் 30 முதல் சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த நெய்யாத பைகளையும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் தடிமனுக்குக் குறைந்த பிளாஸ்டிக் கைப்பைகளையும் அனுமதிப்பதில்லை. இவ்வளவு விதிகள் இருந்தும் கவர் கிடைக்காத கடை அரிது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

‘மக்கும் பை’ என்று அச்சிட்டதையும் நம்பி வாங்க வேண்டாம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணிலும் கடல்நீரிலும் மூன்றாண்டுகள் போட்டு வைத்திருந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கக்கூடியது என்று விற்கப்பட்ட ஒரு பை, மூன்றாண்டுக்குப் பிறகும் கடைச் சாமானைச் சுமக்கும் வலுவோடு இருந்தது. உண்மையான மக்கும் பைகூட உயர்ந்த வெப்பம் தொடர்ந்து இருக்கும் உரக்கூடத்தில்தான் சரியாக மக்கும், வாய்க்காலில் அல்ல.

சந்தையில்

கவரைத் தவிர்க்க வேண்டிய நொடி, எடை போடுவதற்கு முன்புதான். விற்கிறவர் தராசுத் தட்டை எடுத்து நேரே கவருக்குள் கவிழ்ப்பதே பழக்கம். காய் கவருக்குள் விழுந்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கவர் கசங்கிப்போய்க் குப்பைக்குத்தான் போகும். எனவே விலை கேட்கும்போதே பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, “கவர் வேணாங்க ஆயா, இதிலேயே கொட்டிடுங்க” என்று சொல்லிவிட வேண்டும். கவர் வாங்கும் செலவு மிச்சமாவதால் வியாபாரிகள் மகிழ்ச்சியோடுதான் கொட்டுவார்கள். வாங்கும் வரிசையையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்: கிழங்கும் வெங்காயமும் முதலில், கத்தரி, வெண்டை பிறகு, தக்காளியும் கீரையும் கடைசியில். ஈரக் கீரையை வாழையிலையில் சுருட்டி மேலே வைக்கலாம்.

மீன்தான் கடினமானது. துணிப்பை அதற்கு உதவாது. முயன்று பார்த்தவர் மறுமுறை கவருக்கே திரும்பிவிடுவார். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கோ அகலமான பழைய பிளாஸ்டிக் டப்பாவோ ஒன்றை மீனுக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். முதுநகரிலோ பெரிய மார்க்கெட்டிலோ மீனைச் சுத்தம் செய்து வெட்டித் தருகிறவரிடம் அந்தத் தூக்கையே நீட்டினால் நேரே அதில் போட்டுத் தருவார். வீட்டுக்கு வந்ததும் கல்லுப்பும் புளிக்கரைசலும் போட்டுத் தேய்த்தால் கவிச்சி போய்விடும். கோழி, ஆட்டுக்கறிக் கடையிலும் இதே தூக்குதான். அங்கே முதலில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்துவிட்டுப் பிறகு கறியைப் போடச் சொல்ல வேண்டும். இட்லி மாவுக்கும் ஓட்டலில் வாங்கும் சாம்பாருக்கும் வேறொரு தூக்கு வேண்டும், மீன் தூக்கு கூடாது.

பலர் தோற்றுப்போவது திட்டமிட்டுச் சந்தைக்குப் போகும் நாளில் அல்ல, வேலை முடிந்து திரும்பும் வழியில் மளிகைக் கடையில் நிற்கும்போதுதான். அதற்கு ஒரே மருந்து, ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு பை எப்போதும் இருப்பது. சாமானை இறக்கியவுடன் பையை மடித்துத் திரும்ப டிக்கியில் வைக்கும் வேலையை, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் விட்டுவிடலாம். பெரியவர்களைவிட அவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள்.

கவர் இல்லாத குப்பைத் தொட்டி

கவரே வீட்டுக்கு வராமல் போனால் குப்பைத் தொட்டிக்குள் எதை விரிப்பது என்பது நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் பைத் தடைக்குப் பின் கடைப் பைகளில் 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் குறைந்தபோது, மக்கள் காசு கொடுத்து வாங்கிய குப்பைப் பைகளின் எடை 1.2 கோடி பவுண்டு கூடியது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மிச்சப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அந்த வழியில் திரும்பி வந்துவிட்டது. கறுப்புக் குப்பைப் பைச் சுருளை மாதந்தோறும் வாங்கும் வீட்டில் இதேதான் நடக்கும். ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்து, பழைய செய்தித்தாளை நான்காக மடித்து அடியில் விரித்த வாளியில் போட்டு, தினமும் வாளியோடு கொண்டுபோய்த் துப்புரவுப் பணியாளரின் வண்டியில் கொட்டிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் கவரே தேவையில்லை. உலர்ந்த குப்பைக்கு எதையும் விரிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வீட்டில் சேர்ந்துபோன கவர்களை, சுகாதாரக் கழிவைச் சுற்றிக் கொடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

துவைப்பதும் தைப்பதும்

அமெரிக்காவில் கடை வாசலில் நின்று வாங்குகிறவர்களின் பைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று, 8 சதவீதப் பைகளில் ஈ.கோலை நுண்ணுயிரியைக் கண்டது. பை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் துவைத்ததே இல்லை. கையாலோ இயந்திரத்திலோ துவைத்தபின் நுண்ணுயிரிகள் 99.9 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. நம் ஊரின் புழுக்கத்தில் மண்ணும் ஈரமும் ஒட்டிய பையைச் சுருட்டி டிக்கியில் வைத்தால் மறுநாளே வாடை வரும். வாரம் ஒரு முறை மற்றத் துணிகளோடு சேர்த்துப் போட்டால் போதும். பைக்கென்று தனியாக இயந்திரத்தை ஓட்டினால் மிச்சம் பிடித்த மின்சாரமும் நீரும் அதிலேயே போய்விடும். மஞ்சப்பையின் சாயம் முதல் இரண்டு மூன்று துவைப்புகளில் இறங்கும் என்பதால் அதுவரை வெள்ளைத் துணியோடு சேர்க்க வேண்டாம்.

பையின் உடல் கிழிவதற்கு வெகு நாள் முன்பே கைப்பிடி பிய்ந்துவிடும். கைப்பிடி சேரும் நான்கு இடங்களிலும் உட்புறமாக ஒரு சிறு துணித்துண்டை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டுவிட்டால், பெரும்பாலான பைகள் நாம் மேலே போட்ட கணக்கைத் தாராளமாகத் தாண்டும். துணி நைந்து சுமை தாங்காமல் போனபின் பருத்திப் பையை வெட்டிக் கரித்துணியாக்கிக்கொள்ளலாம். அரிசி மூட்டைப் பை நார் உதிரத் தொடங்கியதும் கைப்பிடித் துணியைப் பிரித்தெடுத்துவிட்டு உலர் குப்பையோடு சேர்க்க வேண்டும். மாடியில் செடிக்குப் போர்த்தவோ தொட்டியாக வைக்கவோ கூடாது.